எனக்கு மட்டும் ஒண்ணு

மொய்தீன் மாமா ஷார்ஜாவிலிருந்து குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார், மாஷா அல்லாஹ், எல்லாப் படமும் அருமை என்று. எல்லாப் படமும் என்றால் எந்தப் படம்? ரிஸ்னாவின் கல்யாணத்தில் பெண்கள் மண்டபத்துக்குள் நான் எடுத்த படங்களில் ஒன்றைக்கூட மாமா பார்த்திருக்க வழியில்லை, பார்க்கவும் கூடாது, எந்த ஆணின் கைக்கும் போகாது என்று அத்தனை பேருக்கும் நான் வாக்குக் கொடுத்த படங்கள் அவை. குரோம்பேட்டையில் ஏறியவுடன் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம் பல்லாவரம் வருவதற்குள் போய்விட்டது. விரலால் மேலே தள்ளிப் பார்க்கிறேன். யாரோ பிறந்தநாள் வாழ்த்து, யாரோ ஒரு துஆ, அதற்கு மேலே ரிஸ்னா, நேற்றுவரை என் சித்தி மகளாக இருந்தவள், இன்று புதுப்பெண், காலையிலேயே போட்டிருக்கிறாள், எங்க ஆல்பம் ரெடியாகுது, ஜெசி லாத்தாதான் பண்றாங்க, எல்லாரும் பாருங்க. அதற்குக் கீழே நீல எழுத்தில் அந்த லிங்க். அவளுக்கு மட்டும் அனுப்பிய லிங்க். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் வேண்டும் என்று நீயே பார்த்துச் சொல்லு என்று நான் அனுப்பியது. அடிப்பாவி. இல்லை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை, சந்தோஷத்தில் போட்டிருக்கிறாள், ஆல்பத்துக்காக நான் பொறுக்கிய படங்கள் மட்டும்தான் அதில் இருக்கும் என்று நினைத்திருப்பாள், நானும் அப்படித்தானே நினைத்தேன். லிங்க்கை அமுக்குகிறேன். நீ யார் என்று கேட்கவில்லை. பாஸ்வேர்ட் கேட்கவில்லை. திறந்த வீடு மாதிரி திறந்துகொண்டது. நான் ஏற்றிய எல்லாம் இருக்கிறது. பொறுக்கியது, பொறுக்காதது, மங்கியது, கண் மூடியது, எல்லாம். சாரா மாமி முக்காடில்லாமல் ஐஸ்கிரீம் சாப்பிடுவது இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி ஆபிதா காலை நீட்டி உட்கார்ந்திருப்பது இருக்கிறது. கீழே இறக்க இறக்க வந்துகொண்டே இருக்கிறது, எனக்குத் தெரியும் கடைசியில் என்ன வரும் என்று, வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டே இறக்குகிறேன், வந்துவிட்டது. மர்ளியா லாத்தா. எங்கள் எல்லோருக்கும் மூத்த அக்கா. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் சின்னதாக ஒரு கண் போட்டு, பக்கத்தில் ஒரு எண், எத்தனை தடவை பார்த்தார்கள் என்று. மற்றதற்கெல்லாம் ஒன்று, இரண்டு, சிலதுக்கு எதுவுமே இல்லை. லாத்தாவின் படத்துக்கு மட்டும் பதினேழு.

பதினேழு. போனைக் கவிழ்த்து மடியில் வைத்து அதன்மேல் கைப்பையையும் வைத்து அமுக்கிக்கொள்கிறேன், பையின் கனத்தில் அந்த எண் நின்றுவிடும் என்பதுபோல. நிற்காது. அது என் போனில் இல்லை, எங்கோ இருக்கிறது, எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. பதினெட்டாவது ஆள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பான். யார் அந்தப் பதினேழு? சாச்சாமார்களா, மச்சான்மார்களா, குரூப்பில் இருக்கிற யாரோ அவர்களுடைய ரூம்மேட்டுக்குக் காட்டியிருப்பார்களா, இல்லை இந்தக் கம்பெனிக்காரர்களே உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கிறார்களா? பாருடா இந்தப் பொம்பளையை, மொட்டைத் தலையில் பூ வைத்திருக்கிறது என்று. அப்புறம் சுஹைல். நான் சுஹைலை நினைக்கக்கூடாது என்றுதான் மற்ற எல்லோரையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குரூப்பில் சுஹைலும் இருக்கிறான். லாத்தாவின் ஒரே பிள்ளை, கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து இஞ்சினியரிங் படிக்கிறவன். அவனுக்குத் தெரியாது. அவனுக்கு மட்டும்தான் தெரியாது. அவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஒரு குடும்பமே வாயை மூடிக்கொண்டிருக்கிறது, மஸ்கட்டில் இருக்கிற அவன் வாப்பா உட்பட. பரீட்சை முடியட்டும், புள்ள படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவான், அவன் குணம் எனக்குத் தெரியும் என்று லாத்தா சொல்லிவிட்டாள். லாத்தா சொன்னால் சொன்னதுதான். கீமோவில் முடி கொட்ட ஆரம்பித்ததிலிருந்து அவனோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் தொழுகைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டுதான் பேசுகிறாள். என்ன உம்மா, எந்நேரம் கூப்பிட்டாலும் தொழுகையா, எனக்கும் சேத்துத் தொழுதுக்கோங்க என்று அவன் கேலி பண்ணுவானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

திரிசூலம். யாரோ பெட்டிகளோடு ஏறுகிறார்கள், ஏர்போர்ட்டிலிருந்து வருகிறவர்கள், லேடீஸ் பெட்டியிலும் அந்தப் பெட்டிகளுக்குத்தான் இடம். ரிஸ்னாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை, விருந்துக்குப் போயிருப்பாள், போன் எங்கேயோ பட்டுப் பைக்குள் கிடக்கும், புதுப்பெண்ணுக்கு இன்று எந்த வீட்டில் பிரியாணியோ. நான் என்ன செய்ய வேண்டும்? முதலில் மூச்சு விட வேண்டும். என்னை எல்லோரும் சந்தேகப் பிராணி என்பார்கள். கேஸை மூடிவிட்டேனா என்று மாடிப்படி இறங்கியவள் திரும்ப ஏறிப் போய்ப் பார்ப்பேன். தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், பில்லில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் என் கண்ணில் மாட்டும், அதற்காகவே ஆபீசில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது. அதனால்தான் கல்யாணத்தில் என்னிடம் கொடுத்தார்கள். பெண்கள் மண்டபத்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்து உள்ளே போகிற எல்லோருடைய போனையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், எங்கள் ஊர்க் கல்யாணங்களில் இப்போது அப்படித்தான், உள்ளே பெண்கள் நகையும் பட்டுமாக முக்காடில்லாமல் பாட்டும் கூத்துமாக இருப்பார்கள், ஒரு போன் போதும், அடுத்த நாள் ஊர் முழுக்கச் சுற்றும். ஒரே ஒரு போன் மட்டும் உள்ளே போகலாம், அது ஜெசிமாவின் போன். ஜெசி கையில இருந்தா அது அமானிதம், பெட்டகத்துல வெச்ச மாதிரி என்று ரிஸ்னாவின் உம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள். அமானிதம். நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்தது. கேட்டால் அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டியது. சின்ன வயதில் மதரஸாவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் நான்தான் முதலில் கை தூக்குவேன். அன்று மண்டபத்துக்குள் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

மருதாணி இரவு அது. ரிஸ்னாவின் இரண்டு கையும் முழங்கைவரை ஈர மருதாணி, ஒன்றையும் தொட முடியாமல் சிலைபோல் உட்கார்ந்திருந்தாள். யாரோ தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து வைத்துத் தட்ட, பெண்கள் பாட, பந்து பந்தாக மல்லிகை வந்திறங்கி, ஒருத்திக்கு ஒருத்தி சடை பின்னிப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் மர்ளியா லாத்தா. சவ்வுபோல் மெலிந்த முகம், இறுக்கிச் சுற்றிய ஸ்கார்ஃப். எங்கள் பெரியம்மா மகள், எங்களுக்கெல்லாம் மூத்தவள், எங்கள் எல்லோருக்கும் சடை பின்னிவிட்டவள் அவள்தான், வலிக்க வலிக்க இழுத்துப் பின்னுவாள், அவளுக்கு இருந்த முடியில் பாதி எங்கள் யாருக்கும் கிடையாது. கூடத்தில் மின்விசிறி போதவில்லை. என்னமோ நினைத்தவள்போல, சீ, வெக்கையா இருக்கு என்று சொல்லிக்கொண்டே ஸ்கார்ஃபை அவிழ்த்து மடியில் போட்டாள். டிரம் நின்றது. பாட்டு நின்றது. யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, சாரா மாமி தரையைப் பார்த்தாள், நான் போனைப் பார்த்தேன். அப்போதுதான் ரிஸ்னா, அந்த வாயாடி, மருதாணிக் கையைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்: "லாத்தா, எல்லாருக்கும் பூ வெச்சாச்சு. ஒங்களுக்கு எங்க வெக்கிறது, நீங்களே சொல்லுங்க." செத்தோம் என்று நினைத்தேன். லாத்தா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பல்லெல்லாம் தெரிய, ஒரு பந்து மல்லிகையை எடுத்துத் தன் வெறும் தலையைச் சுற்றிச் சுற்றித் தானே வைத்துக்கொண்டாள், "இந்தா, மாப்பிள்ளைக்குப் பூமாலை போட்டாப்ல" என்றாள், எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் எடுத்துவிட்டேன். கை தானாக எடுத்துவிட்டது. லாத்தா என்னைக் கூப்பிட்டாள். அழிக்கச் சொல்லப்போகிறாள் என்று போனேன். படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கேன்ல ஜெசி?" என்றாள். "இத எனக்கு ஒண்ணு போட்டுக் குடு புள்ளே. எனக்கு மட்டும் ஒண்ணு. வேற கண்ணு படக்கூடாது, சுஹைலு கண்ணு படவே கூடாது. ஒன்ன நம்பித்தான் சொல்றேன்."

ஒன்ன நம்பித்தான். பழவந்தாங்கல் வந்தது போனதே தெரியவில்லை. அந்த ஒரு படத்தை மண்ணடியில் என் தெருமுனையில் இருக்கிற ஸ்டுடியோவில் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கொடுக்கமாட்டேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்த ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர், அதுதான் பிரச்சினை, எங்கள் எல்லோரையும் தெரிந்தவர், லாத்தா புருஷனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர், படத்தைப் பார்த்தால் அடக் கடவுளே இது நம்ம மர்ளியா இல்லையா என்பார், பிறகு அவர் வீட்டுக்குத் தெரியும், பிறகு தெருவுக்குத் தெரியும். ஒரு தடவை எங்கள் தெருப் பெண்ணொருத்தியின் நிச்சயதார்த்தப் படத்தை அழகாக வந்திருக்கிறதென்று பெரிதாகப் போட்டுக் கண்ணாடி அலமாரியில் மாட்டிவிட்டார், அவள் வாப்பா வந்து ரகளை பண்ணி எடுக்க வேண்டியதாயிற்று. தெரிந்தவன் பார்த்தால்தானே பயம். ஆன்லைன் என்றால் எங்கேயோ ஒரு ஊரில் ஒரு மிஷின், அதற்கு மர்ளியா யார், மண்ணடி எங்கே இருக்கிறதென்று தெரியுமா, இந்தப் பக்கம் படம் போகும், அந்தப் பக்கம் காகிதமாக வரும், நடுவில் மனிதனே கிடையாது. இப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு பெரிய புத்திசாலி நான். தெரிந்த ஒரே ஒரு ஆளுக்குப் பயந்து தெரியாத உலகம் முழுவதற்கும் கதவைத் திறந்து வைத்துவிட்டேன். அதிலும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஏற்றச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் தேர்வு செய் என்று அமுக்கினேன், ஆல்பத்துக்கு வேண்டியதை அப்புறம் உள்ளே போய்ப் பிரித்துக்கொள்ளலாம், லாத்தா படத்தைத் தனியாக ஒரு பிரின்ட் போட்டுக்கொள்ளலாம் என்று. ஏதோ நீளமாக நிபந்தனைகள் வந்தன. அடிவரை தள்ளிவிட்டுச் சம்மதம் என்று ஒரு டிக். பில்லில் புள்ளி பார்க்கிற கண். குடும்பத்தோடு பகிருங்கள் என்று ஒரு பொத்தான் சிரித்தது, அமுக்கினேன். பகிர்ந்தால் எதைப் பகிரும் என்று பார்க்கவில்லை. லாத்தாவின் தலையை நான் அடகு வைத்ததுபோல் ஆகிவிட்டது, அவளைக் கேட்காமல், இரண்டு விரலால்.

கிண்டியில் பாதிக் கூட்டம் இறங்கிப் பாதிக் கூட்டம் ஏறியது. கம்பெனியின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டுவிட்டேன். தமிழுக்கு இதை அமுக்கு, ஆர்டருக்கு அதை அமுக்கு, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருங்கள், அப்புறம் ஒரு இசை. புல்லாங்குழல் மாதிரி ஒன்று, நாலு அடி போய் ஐந்தாவது அடியில் அறுந்து திரும்ப முதலிலிருந்து வரும். ஒவ்வொரு தடவை அறும்போதும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நெஞ்சு தூக்கிப் போடும். இந்த நேரத்தில் சுஹைல் என்ன செய்துகொண்டிருப்பான்? வகுப்பு முடிந்திருக்கும், கேன்டீனில் இருப்பான், போனை எடுப்பான், குரூப்பில் என்ன என்று பார்ப்பான். அல்லது பார்த்துவிட்டான், பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டான், லாத்தாவின் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான், அவள் அவசர அவசரமாகத் தொழுகைத் துணியைத் தேடுகிறாள். லாத்தா என்னை ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் பயம். திட்டினால் தாங்கிக்கொள்வேன். சரி விடு புள்ளே என்பாள், அதற்குப் பிறகு எதையும் என்னிடம் தரமாட்டாள். அடுத்த வாரம் ஸ்கேன், அதற்கு நான்தான் கூடப் போக வேண்டும், என்னை மட்டும்தான் உள்ளே வரச் சொல்வாள். இனி வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்வாள். புல்லாங்குழல் அறுந்தது, இந்தத் தடவை குரல் வந்தது. "வணக்கம் மேடம், நான் நிவேதன் பேசறேன், சொல்லுங்க மேடம்." என் லிங்க் எல்லாருக்கும் தெரியுது, மூடுங்க, உடனே மூடுங்க என்று குசுகுசுவென்று சொன்னேன், பக்கத்தில் சாப்பாட்டுக்கூடையோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குக் கேட்கக்கூடாதென்று. அவன் ஆர்டர் நம்பர் கேட்டான், பிறந்த தேதி கேட்டான், ஒரு நிமிஷம் மேடம் என்றான். "பாத்துட்டேன் மேடம். லிங்க்க மட்டும் க்ளோஸ் பண்ணிடறேன். போட்டோஸ் எல்லாம் உங்க அக்கவுண்ட்ல சேஃபா இருக்கும்." எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சேஃபா? இவ்வளவு நேரம் இருந்த மாதிரி சேஃபா? "வேணாம். எல்லாத்தையும் அழிங்க. ஒண்ணு விடாம." "மேடம், டெலீட் பண்ணிட்டா திரும்ப எடுக்க முடியாது, ஆல்பம், பிரின்ட் ரெண்டு ஆர்டரும் கேன்சல் ஆயிடும். லிங்க்க மூடினாலே போதும் மேடம், வேற யாரும் பாக்க முடியாது." "அழிங்கன்னு சொல்றேன்ல." கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். "பண்ணியாச்சு மேடம்." "உங்ககிட்ட காப்பி இருக்குமா?" "இல்ல மேடம்." "சத்தியமா இருக்காதா? வேற எங்கயாவது? உங்க ஆளுங்க யார்கிட்டயாவது?" "சிஸ்டம்லயே போயிடுச்சு மேடம். எங்ககிட்ட எதுவுமே இல்ல." பொய் சொல்கிறான். இவர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள். எங்கேயாவது ஒரு மூலையில் வைத்திருப்பார்கள், இவர்கள் எதையும் தூக்கிப் போடமாட்டார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். லிங்க்கை அமுக்கிப் பார்த்தேன். இந்தப் பக்கம் இல்லை என்று வந்தது. கண் இல்லை, எண் இல்லை. அழ வேண்டும்போல் இருந்தது.

அப்போதும் பயம் போகவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான். நெஞ்சிலிருந்து கைக்கு வந்தது, கையிலிருக்கிற போனுக்கு வந்தது. இதற்குள்ளும் அந்தப் படம் இருக்கிறதே. அங்கே இல்லை, இனி உலகத்தில் இது ஒன்றில்தான் இருக்கிறது. இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். மல்லிகை சுற்றிய தலை, மூடிய கண்ணில் தண்ணீர், முழு வாயும் சிரிப்பு. "உங்க அக்காவா?" என்று பக்கத்திலிருந்து குரல் கேட்டது. சாப்பாட்டுக்கூடை அம்மா, என் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு. "என்னமா சிரிக்கிறாங்க பாரேன்" என்றாள். போனை மார்போடு அணைத்துக்கொண்டேன். இதோ, பதினெட்டு. என் கையிலேயே, என் கண் முன்னாலேயே, முன்பின் தெரியாத ஒருத்தி. இப்படித்தான் போகும், ஒன்றுமில்லாமலே போகும், ரயிலில் போகும், ரிப்பேருக்குக் கொடுத்தால் போகும், போன் தொலைந்தால் போகும், நான் தூங்கும்போது இந்த போன் தானாக எல்லாவற்றையும் எங்கேயோ ஏற்றிவைத்துக்கொள்கிறதாம், அது எங்கே என்று யாரைக் கேட்பது? நாளைக்கு லாத்தா புருஷன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு அந்தப் படம் எப்படி வெளியே வந்தது ஜெசி என்று கேட்டால் என்ன சொல்வேன்? எந்தப் படம், அப்படி ஒன்று என்னிடம் இல்லையே மச்சான் என்று சொல்லலாம். இல்லாதிருந்தால்தானே சொல்ல முடியும். அந்த நினைப்புதான், அந்தக் கேவலமான நினைப்புதான், விரலை நகர்த்தியது. அந்தப் படத்தில் வைத்து அமுக்கினேன். அழிக்கவா என்றது. அழி. குப்பையில் இன்னும் இருக்கும் என்றது. அங்கேயும் போனேன். நிரந்தரமாக அழிக்கவா, இதைத் திரும்பப் பெற முடியாது. இந்த போன் தானாக எங்கேயோ ஏற்றிவைத்திருப்பதும் சேர்ந்து போகும் என்றது. போகட்டும். அழி. அதோடு கல்யாணப் படங்களின் வரிசையில் மருதாணிக் கையும் ஐஸ்கிரீமும் ஒன்றோடொன்று நகர்ந்து ஒட்டிக்கொண்டன, நடுவில் ஒருத்தி இருந்த இடமே தெரியவில்லை. மாம்பலத்தில் அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் போனாள். நான் சிரிக்கவில்லை. நல்லது, போய்விட்டாள், இனி எங்கும் இல்லை என்று நினைத்தேன். கோடம்பாக்கம் வரை, நுங்கம்பாக்கம் வரை, காற்று வந்தது. தண்ணீர் குடித்தேன். அமானிதம் காப்பாற்றப்பட்டது என்றுகூட நினைத்தேன், இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, நினைத்தேன்.

சேத்துப்பட்டில் போன் அடித்தது. சுஹைல். திரையில் அவன் முகம், போன பெருநாளன்று மர்ளியா லாத்தா எடுத்த படம், தொப்பி கோணலாக. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. அவன் என்னைக் கூப்பிடுகிறவனே இல்லை, பெருநாளுக்குக் கூப்பிடுவான், ஸலாம் சாச்சி, எப்ப வந்தா மட்டன் கட்லெட் பண்ணித் தருவிய என்பான், அவ்வளவுதான். பார்த்துவிட்டான். இனி சந்தேகமில்லை. திரும்ப அடித்தது. எழும்பூர் வந்து எல்லோரும் முண்டியடித்து இறங்குகிறார்கள், போன் என் கையில் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, ஒரு பெண் சொன்னாள், எடுங்களேன் அக்கா. எடுத்தேன். "ஸலாம் சாச்சி. பிஸியா இருக்கியளா?" குரல் சாதாரணமாக இருந்தது. அந்தச் சாதாரணம்தான் என்னைக் கலக்கியது. இல்லப்பா, ட்ரெயின்ல இருக்கேன் என்றேன். "ஒண்ணுமில்ல சாச்சி, ரிஸ்னா சாச்சி குரூப்ல ஒரு லிங்க் போட்டாங்கள்ல, அது இப்ப ஓப்பன் ஆக மாட்டேங்குது. நீங்கதான் எடுத்துட்டியளா?" பிறகு அவசரமாக: "வேற யார் போட்டோவும் நான் பாக்கல சாச்சி, அல்லாமேல சத்தியமா. வேகமா தள்ளிக்கிட்டே போனேன், கடைசியில உம்மாவோட மூக்குத்தி தெரிஞ்சுச்சு, அத மட்டும்தான் தொறந்தேன்." சுஹைல், அது வந்து என்று இழுத்தேன். "எனக்குத் தெரியும் சாச்சி" என்றான். "போன லீவுக்கு வந்தப்ப குளிக்கப் போனேன், பைப்புக்குக் கீழ ஒரு கொத்து முடி. அன்னிக்கே அலமாரில ஆஸ்பத்திரி ஃபைல பாத்துட்டேன். உம்மா மறைக்கிறாங்க, சரி நாமளும் தெரியாத மாதிரி இருந்துக்குவோம்னு. கேலிகூடப் பண்ணுவேன், எந்நேரமும் தொழுகையான்னு. அவங்களுக்கு அதுதான் நிம்மதின்னா." ரயில் பூங்கா நிலையத்தில் நின்றது. அவன் பேசிக்கொண்டே இருந்தான். "ராத்திரியெல்லாம் உம்மா எப்படி இருக்காங்களோன்னு நானா ஒரு முகத்தக் கற்பன பண்ணிப் பயந்துக்கிட்டே கெடப்பேன் சாச்சி. இன்னிக்குக் காலையில அதப் பாத்தேன். க்ளாஸ்ல ஒக்காந்து திரும்பத் திரும்பத் திறந்து பாத்தேன், பத்துப் பதினஞ்சு தடவ இருக்கும். தலையில பூவ சுத்திக்கிட்டு என்னா சிரிப்பு." அங்கே நிறுத்தி ஒரு தடவை செருமினான். பதினேழு பேர் இல்லை. பதினேழும் இவன். மொய்தீன் மாமா எதையுமே திறந்து பார்க்காமல் மாஷா அல்லாஹ் போடுகிறவர், அது எனக்கு எப்போதிலிருந்தோ தெரியும், ஏன் ஞாபகம் வரவில்லை? "நீ எடுத்து வெச்சிக்கிட்டியாப்பா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். "இல்ல சாச்சி. எடுக்கலாம்னுதான் விரல் போச்சு. உம்மாவுக்குத் தெரியாம எப்படி எடுத்து வெச்சிக்கிறது, உங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்துக்குவோம்னு விட்டுட்டேன். மத்தியானம் லேப் இருந்துச்சு. இப்ப வந்து பாத்தா இல்ல." பிறகு மெதுவாக: "யாருக்கும் காட்டமாட்டேன். நான் பாத்தேன்னு உம்மாகிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு மட்டும் ஒண்ணு அனுப்புறியளா சாச்சி?"

அனுப்புறேன்பா என்றேன். இப்ப சிக்னல் இல்ல, வீட்டுக்குப் போய் அனுப்புறேன் என்றேன். ஸலாம் சொல்லி வைத்துவிட்டான், சந்தோஷமாக வைத்தான். கோட்டை வந்தது. நான் போனைத் திறந்து மருதாணிக் கைக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் பார்க்கிறேன், இரண்டு விரலால் அகட்டி அகட்டிப் பார்க்கிறேன், அகட்டினால் இடையில் ஏதாவது தெரியும் என்பதுபோல. குப்பையில் பார்த்தேன். எதுவும் இல்லை என்றது, சுத்தமாக இருந்தது. இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம், லாத்தாவை உட்கார வைத்து, பூ வாங்கிவந்து, சிரிங்க லாத்தா என்று. சிரிப்பாள், நான் கேட்டால் சிரிப்பாள், அது அந்தச் சிரிப்பாக இருக்காது என்று அவன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். அடுத்த வாரம் ஸ்கேன். ஸ்கேனுக்குப் பிறகு என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்த அம்மா மாம்பலத்திலேயே இறங்கிவிட்டாள், பெயர்கூடத் தெரியாது, என்னமா சிரிக்கிறாங்க என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். கடற்கரை. எல்லோரும் இறங்கிவிட்டார்கள், பெட்டியில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன், கம்பெனியின் எண்ணைத் திரும்ப அமுக்கிவிட்டேன். தமிழுக்கு இது, ஆர்டருக்கு அது, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, அதே புல்லாங்குழல், நாலு அடி போய் அறுகிறது. யா அல்லாஹ், அந்த நிவேதன் பொய் சொல்லியிருக்க வேண்டும். சிஸ்டத்திலிருந்து போகாமல் ஏதாவதொரு மூலையில் இருக்க வேண்டும், எந்த ஊரிலோ இருக்கிற மிஷினில் மிச்சமிருக்க வேண்டும், அங்கே வேலை செய்கிற யாராவது ஒருவன் பார்க்கக்கூடாததைப் பார்த்து, சிரித்து, தன் போனில் திருட்டுத்தனமாக எடுத்து வைத்திருக்க வேண்டும், அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் பரவாயில்லை. இசை அறுந்தது. "வணக்கம் மேடம், சொல்லுங்க மேடம்" என்றது ஒரு குரல், வேறு யாரோ. "உங்ககிட்ட காப்பி இருக்குமா?" என்று கேட்டேன்.